கிங்ஸ்பெரி: சிறுப்பிட்டிக்கு வந்த ஓர் ஆங்கிலப் பெயர்

ஏட்டுச் சுவடிகளிற் கிடந்து செல்லரித்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிக் காத்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை அறியாத தமிழர் சிலரே. இன்று கோப்பாய்ப் பிரதேச செயலாளர் பிரிவில் அடங்கும் சிறுப்பிட்டியில் 1832 ஆம் ஆண்டு பிறந்தவர் அப்பெரியார். அவருடைய மைந்தர் அழகசுந்தரம், பிற்காலத்தில் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்றே அறியப்பட்டார். பனையும் புகையிலையும் செழித்த சிற்றூர்க் குடும்பம் ஒன்றில் இந்த ஆங்கிலப் பெயர் குடிபுகுந்தது எங்ஙனம்? அதன் பிறப்பிடந்தான் யாது? சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலேயரிடத்தும் ஆதியிற் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே அவ்வழக்கம் மெல்ல மெல்லப் பரவலாயிற்று. தந்தை பெயரால் ஜோன்சன், தொழிலால் ஸ்மித், தோற்றத்தால் பிரவுன் என்றிவ்வாறு பெயர்கள் தோன்றின. வேறு சிலர் தாம் பிறந்த ஊரின் பெயரையே பூண்டனர். கிங்ஸ்பெரி இவ்வினத்தைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் 'கிங்' என்பதன் மூலச்சொல் அரசனையும், 'பெரி' என்பதன் மூலச்சொல் அரண் சூழ்ந்த இடத்தையும் குறிப்பன. எனவே 'அரசன் கோட்டை' என்பது பொருள். ஆயினும் ஓசை ஒன்றாயின் மூலமும் ஒன்றென்று துணிதல் கூடாது. வார்விக்ஷயரிலுள்ள கிங்ஸ்பெரி அரசனால் அன்றி, ஒரு தனிமனிதனின் பெயரால் எழுந்தது என்பர் ஊர்ப்பெயர் ஆய்வாளர்.

பதினேழாம் நூற்றாண்டிலே கிங்ஸ்பெரி என்னும் பெயருடைய குடும்பத்தார் அமெரிக்காவிற் குடியேறினர். அங்கே 1786 இல் பிறந்த சைரஸ் கிங்ஸ்பெரி என்பார் பொஸ்ரன் நகரை நிலையமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தின் ஊழியராகி, செரோக்கி, சொக்ரோ என்னும் அந்நாட்டுப் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். அதே சங்கத்தவரே 1816 இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர்.

அம்மிஷன் பாடசாலைகளில் விடுதி மாணவருக்கு அமெரிக்க அன்பர் பொருளுதவி புரிவதுண்டு. உதவியவர் பெயரையோ, அவர் போற்றிய பெரியார் ஒருவர் பெயரையோ மாணவனுக்குச் சூட்டுவது அக்கால வழக்கு. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என நம்மவர் பெயர்களோடு ஆங்கிலப் பெயர்கள் இணைந்தமை இவ்வாறே. பெற்றோர் கோயிலில் நேர்ந்து இட்ட பெயர் பாடசாலை இடாப்பில் மறைந்துபோன சிறுவர் எத்தனை பேரோ! உதவி மெய்யே, அதற்கு ஈந்த விலையும் மெய்யே.

ஆயினும் பெயர் மாறினால் உள்ளமும் மாறிவிடும் என்பதில்லை. செமினரியிற் பயின்ற தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். கிறித்தவராகிய அவர் மைந்தர் கிங்ஸ்பெரியோ, தேவார திருவாசகப் பாடல்களை ஜி. இ. பிலிப்ஸ் என்பாருடன் சேர்ந்து ஆங்கிலத்திற் பெயர்த்து 1921 இல் வெளியிட்டார்.

இன்னுமொன்று நோக்குக. 'சி. வை.' என்னும் ஈரெழுத்துக்களும் சிறுப்பிட்டி, வைரவநாதர் என்பவற்றின் குறுக்கமே. ஊரும் தந்தையும் அவற்றுள் அடங்கின. ஆங்கிலேயர் பெயரின் பின்னே வைப்பதை நாம் முன்னே வைத்தோம், வேற்றுமை அவ்வளவே. அரசன் கோட்டையும் நமக்குப் புதிதன்று. 1560 இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் கோப்பாய்க் கோட்டைக்கே ஒதுங்கினான் என்று வரலாறு கூறும்.

காலச் சக்கரம் இன்று வேறொரு வகையிற் சுழன்றிருக்கின்றது. லண்டனின் வடமேற்கே வெம்பிளிக்கு அயலில் கிங்ஸ்பெரி என்றே ஓர் ஊர் உண்டு. அதன் சுற்றுப்புறங்களில் ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழ்கின்றனர். அந்நாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. வேறு வழியின்றித் தந்தையின் பெயரை அவ்விடத்தில் நிரப்புகின்றனர். கந்தையாவும் செல்லத்துரையும் இவ்விதம் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராகிவிட்டன. ஆனால், 'சி' என்னும் எழுத்துக் காத்துவந்த ஊருக்கு அப்படிவங்களில் இடமில்லை.

அதனைக் காப்பது வீட்டார் கடன். பாட்டனார் பெயரையும், பாட்டியார் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் குறிச்சியையும் ஒரு கொப்பியில் எழுதிப் பிள்ளைகள் கையிற் கொடுத்தல் வேண்டும். சொல்ல அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்துவிடுவோமாக.