செரி ரம்பாய்: பினாங்குக் கோட்டையின் வெண்கலப் பீரங்கி

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடலைப் பார்த்து நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டையின் பழைய பீரங்கிகளுள் மிகவும் புகழ்பெற்றது 'செரி ரம்பாய்' என்னும் வெண்கலப் பீரங்கி. மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள இது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதற்கு அடுத்த ஆண்டான 1603இல், நெதர்லாந்தின் மிடல்பர்க் நகரத்து வார்ப்பு வல்லுநரான யான் பர்கர்ஹைஸ் என்பவரால் வார்க்கப்பட்டது. இதைச் சூழ்ந்த நம்பிக்கைகள் ஊரறிந்தவை. ஆனால் இது ஓர் இயந்திரமாக எவ்வாறு இயங்கியது என்பதை அறிந்து பார்ப்பவர்கள் குறைவு.

இவ்வகைப் பீரங்கிக்கு மருந்தும் குண்டும் புகுவதும் வாய்வழியே, குண்டு வெளியேறுவதும் அதே வாய்வழியே. குழலின் பின்முனை முற்றிலும் மூடப்பட்டிருக்கும். அதன் மேற்புறத்தில், உட்குழி வரை செல்லும் பற்றுவாய் என்னும் சிறு துளை ஒன்று மட்டும் இருக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த வெடிமருந்தை முதலில் உட்செலுத்தி, அடைப்புத் தக்கையை வைத்து, நீண்ட கோலால் இடித்துக் கெட்டித்த பிறகே குண்டு உருட்டிவிடப்படும். பற்றுவாயில் தூவிய நுண்மருந்தில் எரியும் திரியை வைத்ததும் தீ உள்ளே பாய்ந்து, மருந்து நொடிப்பொழுதில் வாயுவாக விரிந்து குண்டைத் தள்ளும். குழலினுள் எளிதாக உருண்டு செல்லும்படி குண்டு குழலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்யப்பட்டதால், வாயுவில் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியே வீணாகும், குறியும் ஓரளவு தவறும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத் துடைப்பத்தால் உட்குழியைத் துடைத்தாக வேண்டும். உள்ளே தங்கிய ஒரு தீப்பொறி போதும், அடுத்த மருந்து கெட்டிக்கும் வீரனின் கைகளைப் பறித்துவிட.

பர்கர்ஹைஸ் குடும்பம் தேவாலய மணிகளும் வார்த்த குடும்பம். அவர்கள் பெயர் பொறித்த மணிகள் ஸ்காட்லாந்து வரை சென்றுள்ளன. மணியும் பீரங்கியும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமே என்றாலும், மணிக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயமும் பீரங்கிக்குப் பத்தில் ஒரு பங்கும் சேர்ப்பது வழக்கம். வெள்ளீயம் கூடினால் உலோகம் இறுகி நன்கு ஒலிக்கும், ஆனால் நொறுங்கிப்போகும். பீரங்கிக்கோ அதிர்ச்சியைத் தாங்கிச் சற்று விரிந்து கொடுக்கும் உலோகமே தேவை. அக்கால முறைப்படி, மரத்தண்டின் மீது கயிறு சுற்றிக் களிமண் பூசிப் பீரங்கியின் உருவம் செய்து, மெழுகில் அலங்காரங்களை ஒட்டி, அதன்மேல் மண் அச்சு எடுத்து, உள்ளுருவை நீக்கிய பின், உட்குழிக்காக மண் பூசிய இரும்புக் கம்பியை நடுவில் நிறுத்தினார்கள். அச்சைக் குழியில் வாய் மேலாக நட்டு உலோகம் ஊற்றும்போது, வெடியின் அழுத்தம் மிகுதியாகத் தாக்கும் பின்பகுதி அடியில் அமைவதால், மேலுள்ள உலோகத்தின் எடையால் அது அடர்த்தியாக உறையும். அழுத்தத்தின் அளவை ஒட்டியே குழலும் பின்னே பருத்தும் முன்னே மெலிந்தும் அமைகிறது.

செரி ரம்பாயின் மேல் அழகுக்காக இருப்பது எது, வேலைக்காக இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. டால்பின் வடிவில் வளைந்த கைப்பிடிகள் கயிறு கட்டிப் பீரங்கியைத் தூக்குவதற்கானவை. வளைந்து நீளும் வால்களைக் கொண்ட மூன்று இணைச் சிங்கங்கள் அலங்காரம் மட்டுமே. வெள்ளி பதித்த ஜாவானிய எழுத்துப் பொறிப்போ வார்ப்பாளர் அறியாதது. 1613இல் அச்சே அரசு ஜொகூரை வென்றதைக் குறிக்கும் அப்பொறிப்பு, டச்சுக்காரர்கள் ஜொகூர் சுல்தானுக்கு அளித்த இந்தப் பீரங்கி கைமாறியதற்குச் சான்றாக அதன் உடலிலேயே வெட்டப்பட்டது.

தஞ்சாவூரின் கீழைப் பக்கத்துப் பீரங்கி மேட்டில் உள்ள பெரும்பீரங்கியோடு இதை ஒப்பிட்டால் இரு தொழில்மரபுகளின் வேறுபாடு விளங்கும். இரகுநாத நாயக்கர் காலத்ததாகிய அது வார்க்கப்பட்டதே அன்று; நீண்ட இரும்புப் பட்டைகளை நெடுக்காக அடுக்கிக் குழலாக்கி, அவற்றின்மேல் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றையடுத்து ஒன்றாக இறக்க, குளிர்ந்து சுருங்கும் வளையங்கள் பட்டைகளை இறுகப் பிடித்துக்கொண்டன. அவ்வளவு பெரிய இரும்பை உருக்கி வார்க்க உலை இல்லாத நிலையிலும் சம்மட்டியும் நெருப்பும் கொண்டே அதைச் செய்து முடித்த தமிழ்நாட்டுக் கொல்லர்களின் திறன் மிடல்பர்க் வார்ப்பாளரின் திறனுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

அச்சேயிலிருந்து 1795இல் சிலாங்கூருக்குச் சென்ற செரி ரம்பாய், 1871இல் பினாங்குக் கப்பல் ஒன்று கடற்கொள்ளையரிடம் சிக்கியதைத் தொடர்ந்து ஆங்கிலேயர் கோலா சிலாங்கூரைத் தாக்கியபோது அவர்கள் வசமாகிப் பினாங்கு வந்தது. அங்கே கடலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த இதைத் தெங்கு கூடின் என்னும் மலாய் இளவரசர் நூல் கட்டி அழைக்க, தானே மிதந்து எழுந்ததாக ஒரு மரபுக்கதை வழங்குகிறது. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் இதன் குழலில் மலர் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இருந்துவந்துள்ளது. முதலில் ஜார்ஜ் டவுனின் எஸ்பிளனேட் திடலில் வைக்கப்பட்டு, 1950களில் கோட்டைக்குள் இடம்பெற்ற இந்தப் பீரங்கியைக் காணச் செல்பவர்கள், அதன் வாயருகே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு திரும்பிவிடாமல், பின்புறம் சென்று பற்றுவாய் இருக்கும் பருத்த பகுதியையும், அங்கிருந்து குழல் படிப்படியாக மெலிந்து செல்வதையும் நின்று பார்த்து, உடன் வரும் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.