சன்னலோரச் செடி ஏன் பூப்பதில்லை?

உங்கள் வீட்டுச் சன்னலோரத்தில் ஒரு பூத்தொட்டி இருக்கிறதா? வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றியும், எருவிட்டும், பூக்காமல் வெறும் இலையோடு நிற்கிறதா? அப்படியானால் குறை மண்ணில் இல்லாமல் ஒளியில் இருக்கலாம்.

கடலூரில் குடியிருந்தபோது, என் தாயார் கொடுத்தனுப்பிய செம்பருத்திக் குச்சியைத் தொட்டியில் நட்டு வளர்த்தேன். பூச்செடிக்குத் தெற்குச் சன்னலே சிறந்தது என்று ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருந்ததால், அங்கேயே வைத்தேன். மார்கழியில் பூத்த செடி, ஆனியில் ஒரு மொட்டுக்கூட விடவில்லை. எருவைக் கூட்டினேன்; தண்ணீரையும் கூட்டினேன். இலைகள் பழுத்து உதிர்ந்தன. வேர் அழுகிச் செடி பட்டுப்போயிற்று. இயற்பியல் கற்பிக்கும் நான் செய்தது இயற்பியல் பிழையே என்பது பிறகுதான் விளங்கியது.

கண் செய்யும் ஏமாற்று

நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். அறையின் நடுவிலோ பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். ஆயினும் அறை நமக்கு இருட்டாகத் தோன்றுவதில்லை. கண்மணி விரிந்தும், விழித்திரையின் உணர்வு கூடியும் குறையை ஈடுசெய்துவிடுகின்றன.

செடிக்கு இந்த வசதி இல்லை. ஒளிச்சேர்க்கையால் அதற்கு வரவு. சுவாசத்தால் இரவும் பகலும் செலவு. வரவும் செலவும் சரியாகப் போனால் செடி உயிரோடிருக்கும். மிச்சம் பிடித்தால்தான் பூக்கும். ஒளி குறைந்தால் செடி உறிஞ்சும் நீரும் குறையும். அப்போது மேலும் மேலும் ஊற்றினால், மண்ணிலுள்ள காற்றிடங்களில் நீர் நிறைந்து, வேர் ஆக்சிஜன் இன்றி அழுகும். என் செடிக்கு நேர்ந்தது இதுதான்.

சூரியன் எந்தப் பக்கம்?

நான் படித்த புத்தகம் பிழையானதன்று. அது இங்கிலாந்து வாசகருக்காக எழுதப்பட்டது. லண்டன் வட அட்சம் 51½ டிகிரியில் உள்ளது. அங்கு நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்புறமே நிற்கும். சிதம்பரமோ ஏறத்தாழ 11.4 டிகிரியில் உள்ளது. கடலூர் சற்றே வடக்கு. சூரியன் 23.4 டிகிரி வரை வடக்கே செல்வதால், ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகலில் நம் உச்சிக்கு நேராக வந்து, பின் வடபுறம் சென்றுவிடுகிறது. ஆகஸ்ட் 23-ஐ ஒட்டித்தான் மீண்டும் தென்புறம் திரும்புகிறது.

சிதம்பரத்தில் இதைத் தேர் பார்க்கப் போகும்போதே காணலாம். மார்கழித் திருவாதிரையை ஒட்டி, நண்பகலில் பத்தடிச் சுவரின் நிழல் சுமார் ஏழடி நீளத்துக்கு வடக்கே விழும். ஆனித் திருமஞ்சனத்தின்போது அதே சுவரின் நிழல் இரண்டடியாகக் குறுகித் தெற்கே விழும்.

ஆகவே தெற்குச் சன்னலில் மார்கழியில் நாள் முழுவதும் வெயில் கிடைக்கும். ஆனியில் காலை முதல் மாலை வரை நேர் வெயில் விழுவதேயில்லை. அப்போது வடக்குச் சன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் நுழையும். நடுப்பகலில் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு அதை மறைத்துவிடும். கிழக்குச் சன்னலில் ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு.

நீங்களே சோதிக்கலாம்

பகலில், தொட்டி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் அங்கு நேர் வெயில் இருக்கிறது. அது தினமும் நான்கைந்து மணி நேரமாவது நீடித்தால் செம்பருத்தி, மல்லிகை, ரோஜாவை வைக்கலாம். நிழல் மங்கலாகத் தெரிந்தால் ஆந்தூரியம், பீஸ் லில்லி போன்றவை ஏற்றவை. நிழலே விழவில்லையா? அங்கு எந்தப் பூச்செடியையும் வாட்டாதீர்கள்.

மற்றொரு சோதனை: செடியின் உயரத்துக்குக் குனிந்து, அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். நேர் வெயில் விழாத இடத்தில் செடிக்குக் கிடைக்கும் ஒளி பெரும்பாலும் அந்த வானத்திலிருந்தே வருகிறது. சன்னலை விட்டு இரண்டடி நகர்த்தினாலும் அது வெகுவாகச் சுருங்கிவிடும். பழைய வீடுகளின் முற்றத்தில் செடிகள் செழித்ததற்குக் காரணம், தலைக்கு மேலேயே வானம் திறந்திருந்ததுதான்.

தண்ணீருக்கும் ஒரு விதி உண்டு: விரலை ஓர் அங்குலம் மண்ணில் செருகுங்கள், ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம்.

தாயார் மீண்டும் ஒரு குச்சி கொடுத்தார். இப்போது அது சிதம்பரத்தில், மார்கழியில் தெற்குச் சன்னலிலும், சித்திரை பிறந்ததும் கிழக்குச் சன்னலிலும் இருக்கிறது. இந்த ஆனியில் பூத்தது. உங்கள் தொட்டியையும் இடம் மாற்றிப் பாருங்களேன்!