முட்டைத் தலையனின் கொல்லைப்புறம்

கொடியில் சுங்குடிப் புடவை காய்கிறது. முந்தானை முதுகை வருடும்படி ஒரு வெள்ளை நாய் அதன் கீழே போகிறது. போகிறதென்றா சொன்னேன்? ஊர்கிறது! ஒரு காலைத் தூக்குகிறது, யோசிக்கிறது, வைக்கிறது, அப்புறம்தான் அடுத்த கால். கண்கள் பாதி சொருகிவிட்டன. “கூப்பிடாதீங்க தம்பி, அவனுக்குச் சாமி வந்திருக்கு” என்கிறார் வீட்டுக்கார அம்மா, காபியை நீட்டிக்கொண்டே. புடவை முடிகிறது. சாமி மலையேறுகிறது. மறுநொடி அந்தச் சதைப் பந்து மேஜையைச் சுற்றி ஓடி, பூந்தொட்டியை உருட்டி, என் முழங்காலில் வந்து முட்டி நிற்கிறது. முட்டைத் தலை, முக்கோணக் கண், செய்த அட்டகாசத்துக்குத் துளி வெட்கம் கிடையாது. ஐயா பெயர் குண்டு. சாதி புல் டெரியர்!

இடம் கடக்வாஸ்லா. புணேக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டி வந்து, அணைக்கரையில் நின்று வெங்காய பஜியும் சுட்ட சோளமும் தின்னும் ஊர். தேசியப் பாதுகாப்பு அகாடமியும் இங்கேதான் என்பதால் ஓய்வுபெற்ற ராணுவத்தாருக்குப் பஞ்சமில்லை. நம் வீட்டுக்காரரும் அப்படி ஒருவர், மதுரைப் பக்கம். “பேப்பர் பாக்குறீங்களா?” என்று கேட்டார். நாய்ப் பிரியர்கள் வட்டாரத்தில் இந்தக் கேள்வி வந்தால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது, சொன்னாலும் விடமாட்டார்கள்.

பேப்பர் என்றால் வம்சப் பட்டியல். அப்பா அம்மா இரண்டு, தாத்தா பாட்டி நாலு, அதற்கு மேல் எட்டு. மூன்று தலைமுறைக்குப் பதினாலு பெயர், ஒவ்வொன்றும் ரயில் பெட்டி நீளம். சாம்பியன் பட்டம் வாங்கியவர்களைச் சிவப்பு எழுத்தில் போடுவது வழக்கம். “எவ்வளவு சிவப்பு பாருங்க!” என்று அவர் பூரித்தார். எனக்கோ கறுப்பு எழுத்துக்காரர்கள் மேல்தான் கண். பட்டம் வாங்காதவர்கள் பட்டியலுக்குள் எப்படி நுழைந்தார்கள்? வாருங்கள், கொல்லைப்புற வழியாகப் போய்ப் பார்ப்போம்.

முதல் கதவைத் திறந்தால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். சண்டை நாய்களின் காலம் சட்டப்படி 1835-லேயே முடிந்தது. திருட்டுத்தனமாக நடந்ததைக் கேட்காதீர்கள். ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்ற நாய் வியாபாரி, புல்டாக்கும் டெரியரும் கலந்த பழைய சண்டை நாயை எடுத்து, வெள்ளை இங்கிலீஷ் டெரியரைச் சேர்த்து, டால்மேஷனையும் கொஞ்சம் தூவி, 1862 வாக்கில் பளபளவென்று ஒரு வெள்ளை நாயைக் கண்காட்சியில் நிறுத்தினார். பழைய ஆட்கள் கொதித்தார்கள்: “இது சீமாட்டி மடியில் உட்காரும் பொம்மை. இதற்குச் சண்டை தெரியுமா?” ஹிங்க்ஸ் தன் பெட்டை ‘புஸ்’ மேல் 5 பவுண்டும் ஒரு பெட்டி ஷாம்பெயினும் பந்தயம் கட்டினாராம். அரை மணி நேரத்தில் எதிராளி காலி. மறுநாள் அதே புஸ் கண்காட்சியில் அழகுப் பரிசும் வாங்கியதாம்! இனத்தார் இன்றும் கண்கள் விரியச் சொல்லும் கதை. கூட்டிக் குறைத்திருக்கலாம். ஆனால் வம்சம் தொடங்கியது அழகும் அடிதடியும் ஒரே வீட்டில் என்பதில் சந்தேகமில்லை.

அடுத்த அறையில் கத்தரிக்கோல். அந்நாளில் புல் டெரியரின் காதை வெட்டி நிமிர்த்துவார்கள். 1895-இல் கென்னல் கிளப் அதைத் தடை செய்தது. திடீரென்று எல்லாக் காதுகளும் தொங்கிப்போய் ஒரே களேபரம்! வெட்டாமலே விறைத்து நிற்கும் காதை இனப்பெருக்கத்தில் தேடிப் பிடிக்க வருஷக்கணக்கில் ஆனது. குண்டுவின் தலைமேல் இப்போது ஆன்டெனா மாதிரி நிற்கிறதே, அது அந்தப் பாடுபட்டவர்களின் சொத்து.

தலையின் வளைவுக்கும் ஒரு மூதாதை உண்டு. பெயர் லார்டு கிளாடியேட்டர். முதல் உலகப் போரின் கடைசிக் காலத்துக் குட்டி. நெற்றியிலிருந்து மூக்கு வரை பள்ளமே இல்லாமல் வழிந்து இறங்கும் இன்றைய முகம் முதலில் தெளிவாகத் தெரிந்தது இவரிடம்தான் என்பார்கள். கருவிலேயே யாரோ பிடித்து வழித்துவிட்ட மூக்கு!

இனி பெரிய சண்டை. வெள்ளைதான் அழகு என்று பிடிவாதம் பிடித்தார்கள் அல்லவா, அந்த வெள்ளை காதைக் கேட்டது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கி, ஒலியை வாங்கும் செல்கள் பிறந்த சில வாரத்திலேயே செத்துப்போகும். வெள்ளைப் புல் டெரியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்காது. நிறமுள்ளவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அலாஸ்காவில் ஜூனோ துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலையும் போய் வரவேற்ற வெள்ளைப் புல் டெரியர் பேட்ஸி ஆன் பிறவிச் செவிடு. 1934-இல் மேயரே அவளை ஊரின் அதிகாரப்பூர்வ வரவேற்பாளர் என்று அறிவித்தார். செல்லக்கதைதான், ஆனால் வம்சத்துக்கு அது எச்சரிக்கை.

மருந்து எங்கே இருந்தது? ஒதுக்கி வைத்த வீட்டில்! டெட் லயன் போன்ற நாய் வளர்ப்பாளர்கள், பழைய சண்டை நாய் வழிவந்த, புலி போலக் கோடு போட்ட ஸ்டாஃபோர்டு வகை நாய்களை உள்ளே கொண்டுவந்தார்கள். வெள்ளைக் கட்சி வெகுண்டெழுந்தது. நிறமுள்ள பெற்றோருக்குப் பிறந்த சுத்த வெள்ளைக் குட்டியைக்கூடப் பந்தியில் சேர்க்காத காலம் உண்டு. அமெரிக்காவில் 1936-இல் நிறத்தாருக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். இன்றைக்கு? கலப்பில்லாத வெள்ளை வம்சத்தை விளக்குப் பிடித்துத் தேட வேண்டும். 2006-இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் முதலிடம் பிடித்த ரூஃபஸ் நிறக்கட்சி. அதே மேடையில் 1918-இல் வென்ற ஹேமார்க்கெட் ஃபால்ட்லெஸ் வெள்ளை. கணக்கு நேராகிவிட்டது!

இப்போது, எனக்குப் பிடித்த ரகசியம். ரேமண்ட் ஓப்பன்ஹைமர் என்று ஒரு சீமான். வைரக் குடும்பத்துப் பிள்ளை. 1951-இல் பிரிட்டன், அயர்லாந்து கோல்ஃப் அணிக்கு வாக்கர் கோப்பையில் தலைவர். பெர்க்‌ஷயரில் ‘ஆர்மண்டி’ என்ற பெயரில் புல் டெரியர்களை வளர்த்தார். தோழி ஈவா வெதரில்லின் கூடம் ‘சூப்பர்லேட்டிவ்’. இரண்டும் சேர்ந்து பல பத்தாண்டுகள் இந்த இனத்தையே ஆண்டன. அவர்கள் வீட்டில் ஆர்மண்டி சூப்பர்லேட்டிவ் பார் சினிஸ்டர் என்று ஒரு குட்டி. தலை அபாரம், உடம்பு அபாரம். ஆனால் விரையில் ஒன்று இறங்கவே இல்லை! அப்படிப்பட்ட ஆணைக் கண்காட்சி வளையத்துக்குள் விடமாட்டார்கள். சாதாரண ஆளாக இருந்தால் யாருக்காவது செல்லப்பிராணியாகக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார். ஓப்பன்ஹைமர் கொடுக்கவில்லை. மேடையே ஏறாத அந்த நாய் சாம்பியன்களாகப் பெற்றுத் தள்ளியது. 1969-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே பார் சினிஸ்டருக்கு அடுத்த காலம் என்று ஒரு யுகப்பிரிவு! சிவப்பு எழுத்துக்குக் கனவிலும் வழியில்லாத கறுப்பு எழுத்துக்காரர், சிவப்பு எழுத்துகளுக்கெல்லாம் தாத்தாவாகி உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் இந்தத் தாத்தாக்களால் வரும் தொல்லையும் உண்டு. நல்ல ஆண் ஒன்று அமைந்தால் பேத்தியைக் கொண்டுவந்து மறுபடி அதே வம்சத்துக்குள் சேர்ப்பார்கள். ‘லைன் பிரீடிங்’ என்று கௌரவமாகப் பெயர். நமக்கு இது புதிதா என்ன? சொத்து வெளியே போகக் கூடாது என்று அத்தை மகனுக்கே கட்டி வைத்த குடும்பங்கள்தானே நாம்! முகவெட்டு அச்சாகக் கிடைக்கும். மறைந்திருந்த நோயும் அச்சாகவே கிடைக்கும். பார்த்தேன், குண்டுவின் தாள்களிலும் ஒரே பெயர் இரண்டு இடத்தில். “ரெண்டு வழியிலயும் சொந்தம்” என்று கண்ணடித்தார் வீட்டுக்காரர்.

நம் மண்ணுக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. ஆங்கிலேயப் படைகளோடு புல் டெரியர்கள் இங்கே வந்தன. 1899-இல் கிப்ளிங் எழுதிய ‘கார்ம்’ கதையின் நாயகனே இந்தியாவில் ஒரு சிப்பாய் வளர்த்த புல் டெரியர். பஞ்சாபில் அவற்றின் ரத்தம் கலந்து ‘குல் டெரியர்’ உருவானது. அதுவும் வெள்ளை, அதிலும் காது கேளாமை. நம் ராஜபாளையத்து வெள்ளை நாயையும் அதே குறை துரத்துகிறது. சைதாப்பேட்டையில் அரசு இனப்பெருக்க நிலையம் வைத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று வம்சம் காத்தோம். வெள்ளைத்தோல் மோகம் மட்டும் போகவில்லை. இதற்கிடையில் 2016-இல், விற்பனைக்காகக் குட்டி போட வைக்க வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உள்ளே இருக்கும் ரத்தத்தை யோசித்துக் கலக்காவிட்டால் கதை கந்தல்.

ஆகவே குட்டி வாங்கப் போகிறவர்களே, சிவப்பு எழுத்தைக் காட்டி மயக்குவார்கள், மயங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் தெளிந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது? இந்த ஈத்தில் கூடப்பிறந்தவை எல்லாம் என்ன ஆயின? காதுக்குச் சோதனை செய்தீர்களா? முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தோம் என்றால் ஏமாறாதீர்கள். செவிட்டுக் குட்டி தரையின் அதிர்விலேயே திரும்பிவிடும், ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியோ யாருக்குமே தெரியாமல் தப்பிவிடும். மூளைத்தண்டின் மின்னலையை அளக்கும் சோதனைதான் உண்மை சொல்லும். இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். அவருடைய பேப்பரில் சிவப்பு ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை!