பட்டாசுச் சத்தமும் பதினைந்து இலக்க எண்ணும்

நாயின் காதுக்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி எட்டும். பூனையின் காதுக்கு 64,000 வரை எட்டும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பட்டாசுக்கு இந்திய விதிகள் வைத்திருக்கும் ஒலி வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல். அது மனிதக் காதையே வலிக்கச் செய்யும் சத்தம். எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று எதுவும் புரியாத விலங்குக்கு அது உயிராபத்தாகவே படுகிறது.

பயந்த விலங்கு முதலில் ஒளிய இடம் தேடும். கிடைக்காவிட்டால் ஓடும். அப்போது அதற்குப் பழகிய குரல் காதில் ஏறாது. வழக்கமாகத் தாண்டாத சுவரைத் தாண்டும், கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போகும். பட்டாசுப் புகையும் கந்தக நெடியும் சூழ்ந்த தெருவில், மோப்பத்தை நம்பி வீடு திரும்புவதும் கடினம். பண்டிகை நாளில் பலகாரத் தட்டோடு வருபவர்களும் போகிறவர்களுமாக வாசல் கதவு திறந்தே கிடப்பதால், ஓடுவதற்கு வழியும் எளிதாகிவிடுகிறது. ஆகவே பண்டிகைக் காலப் பாதுகாப்பில் இரண்டு வேலைகள் உண்டு. விலங்கு வெளியே ஓடாமலும் கெடுதலான எதையும் தின்னாமலும் பார்த்துக்கொள்வது ஒன்று. எவ்வளவு கவனித்தும் ஓடிவிட்டால், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் காட்ட வழி செய்து வைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்வதுதான் மைக்ரோசிப்.

தோலுக்கடியில் ஓர் எண்

மைக்ரோசிப் ஓர் அரிசி மணி அளவே இருக்கும். வழக்கமான சிப்பின் நீளம் 12 மில்லிமீட்டர், குறுக்களவு 2 மில்லிமீட்டர். உடலோடு ஒத்துப்போகும் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிறு மின்சுற்றும், அதோடு இணைந்த செப்புக் கம்பிச் சுருளும் அடைபட்டிருக்கும். பேட்டரி கிடையாது. ஸ்கேனர் கருவியை அருகில் கொண்டு சென்றதும் அதன் ரேடியோ அலை கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரத்தால் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். தேய்வதற்கோ தீர்வதற்கோ எதுவும் இல்லாததால் விலங்கின் ஆயுள் முழுவதும் ஒரே சிப் போதும்.

சிப் பொருத்துவது ஊசி போடுவது போன்றதுதான். கால்நடை மருத்துவர் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே தளர்ந்திருக்கும் தோலைத் தூக்கிப் பிடித்து, சற்றுத் தடித்த ஊசியால் சிப்பை உள்ளே செலுத்துவார். மயக்க மருந்து தேவையில்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். குட்டிக்கு இரண்டு மாதம் ஆனபின் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே போட்டுக்கொள்ளலாம். சில விலங்குகளில் சிப் இடம் பெயர்ந்து தோளுக்கோ மார்புக்கோ இறங்குவதுண்டு. அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஸ்கேன் செய்பவர் முதுகோடு நிறுத்திவிடாமல் கழுத்து, தோள், மார்பு என எல்லா இடத்திலும் கருவியை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணுக்கு 15 இலக்கங்கள். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்ற பன்னாட்டுத் தரங்களின்படி தயாரான சிப்புகள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பு நிறுவனத்தையோ குறிக்கும். இந்தியாவின் நாட்டுக் குறியீடு 356. ஒன்பதில் தொடங்கும் எண்கள் பெரும்பாலும் நிறுவனக் குறியீடுகள். வாங்கும்போது இந்தத் தரத்தைச் சேர்ந்த சிப்தானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வேறு அலைவரிசைச் சிப்பை எல்லா ஸ்கேனர்களாலும் படிக்க முடியாது.

பலருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்க வேண்டும். மைக்ரோசிப், ஜி.பி.எஸ். கருவி அல்ல. நாய் இப்போது எந்தத் தெருவில் நிற்கிறது என்று அது கைப்பேசியில் காட்டாது. யாரேனும் நாயைப் பிடித்து, ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அதற்கு வேலை. ஆகவே கைப்பேசி எண் பொறித்த வில்லையோடு கூடிய கழுத்துப் பட்டையும் வேண்டும். பட்டையைப் பார்த்துத் தெருவில் நிற்பவரே உடனே அழைக்கலாம். பட்டை கழன்று விழுந்த பின்னும் உடலோடு இருப்பது சிப்.

எண் மட்டும் போதாது

ஸ்கேனர் காட்டுவது வெறும் எண். பெயர், முகவரி, கைப்பேசி எண் எதுவும் சிப்புக்குள் இல்லை. அவை ஒரு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். சிப் போட்ட கையோடு மறந்துவிடுகிறார்கள். வீடு மாறுகிறது, கைப்பேசி எண் மாறுகிறது, நாய் உறவினர் வீட்டுக்குப் போகிறது. பதிவேட்டில் மட்டும் பழைய எண்ணே நிற்கிறது.

அமெரிக்காவில் 53 காப்பகங்களுக்கு வந்த 7,700க்கும் மேற்பட்ட சிப் உள்ள விலங்குகளைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் தெருவில் அலைந்து காப்பகத்துக்கு வந்த நாய்களில் சுமார் 22 விழுக்காடு மட்டுமே உரிமையாளரிடம் திரும்பின. சிப் இருந்த நாய்களில் 52 விழுக்காடு திரும்பின. பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது. மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகத் திரும்பிய பூனைகள், சிப் இருந்தபோது 38 விழுக்காட்டுக்கு மேல் வீடு சேர்ந்தன. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முக்கியக் காரணம், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்ததுதான்.

இந்தியாவில் பதிவுகள் பல இடங்களில் சிதறியிருக்கின்றன. சிப் நிறுவனங்களின் பதிவேடுகள் ஒருபுறம், மாநகராட்சி உரிமப் பதிவு ஒருபுறம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் பதிவு இன்னொருபுறம். ஆகவே எண் எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று சிப் போடும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கலாம். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடும்போது ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லி, பதிவிலுள்ள விவரத்தையும் சரிபார்த்துவிட்டால் கவலை இல்லை.

சட்டம் சொல்வது

நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பான இந்திய விதிகள் 2017இல் வந்தன. இனவிருத்தி செய்து விற்பவர்கள் நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ லாப்ரடாரோ, குட்டி வாங்குபவர் சிப் எண்ணைக் கேட்டு வாங்கலாம். சென்னை மாநகராட்சியும் செல்லப் பிராணிகளுக்கான உரிமத்தோடு மைக்ரோசிப்பை இணைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கும், 2024 ஜூன் முதல் பூனைகளுக்கும் சிப் கட்டாயம்.

வெளிநாடு செல்லும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நாயையோ பூனையையோ கொண்டுசெல்ல முதலில் சிப், அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து செல்லும் விலங்குகளுக்கு ஊசி போட்டு 30 நாட்களுக்குப் பிறகு இரத்தப் பரிசோதனையும், அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு. கடைசி நேரத்தில் தொடங்கினால் விமானம் போய்விடும், நாய் இங்கேயே தங்கிவிடும்.

சத்தத்துக்கு ஒரு புகலிடம்

தீபாவளி நாளில் காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்கத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் நேரம் ஒதுக்கி வருகிறது. நடைமுறையில் சத்தம் சில நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். நாயை வெளியே அழைத்துப்போகும் நேரத்தை இதற்கேற்ப மாற்றி, மாலைச் சத்தம் எழுவதற்குள் உணவு, நடை இரண்டையும் முடித்துவிட வேண்டும். தெருவில் வாரை ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது. தலையை உருவ முடியாதபடி மார்போடு பூட்டும் பட்டை பாதுகாப்பானது.

வீட்டில் தெருவிலிருந்து தள்ளியுள்ள அறை ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கலாம். சன்னலை அடைத்து, தடித்த திரைச்சீலை போட்டு, மின்விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிட்டால் வெளிச்சத்தம் சற்று அமுங்கும். பழகிய படுக்கை, தண்ணீர், பூனைக்கு மலத்தொட்டி, ஏறி ஒளிய ஓர் அட்டைப் பெட்டி ஆகியவை அங்கே இருக்கட்டும். கட்டிலுக்கடியில் பதுங்கினால் இழுத்து வெளியே போடக் கூடாது. பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறு. அருகில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருப்பதே அதற்குப் பெரிய ஆறுதல். அதிகம் நடுங்கும் விலங்குகளுக்குப் பயத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. அவற்றைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் சில வாரங்களுக்கு முன்பே பேசிவிட வேண்டும். மனிதருக்கான தூக்க மாத்திரையைக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

பண்டிகைத் தட்டில் இருப்பவை

பிள்ளைகள் பாசத்தோடு ஊட்டும் பலகாரங்களிலும் ஆபத்து உண்டு. முதலாவது சாக்லேட். அதிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறும். எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 60 மில்லிகிராம் அளவில் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் இருக்கிறது. அதனால் 10 கிலோ நாய்க்கு 100 கிராம் சாக்லேட்டே தொல்லை. கறுப்புச் சாக்லேட் அதைவிடப் பல மடங்கு கடுமையானது.

இரண்டாவது உலர்ந்த திராட்சை. கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல், லட்டு என எல்லாவற்றிலும் இது கிடக்கும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூடக் கொடுக்காதிருப்பதே நல்லது. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். அதாவது 4 கிலோ பூனைக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயம். வேக வைத்தாலும் நஞ்சு போகாது. ஆகவே குருமாவும் பிரியாணிச் சோறும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கான சில இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் உள்ள சைலிட்டால், அரை மணி நேரத்துக்குள் நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடும்.

நெய்யும் எண்ணெயும் மிகுந்த பலகாரம் கணையத்தை வீங்கச் செய்யும். தீபாவளிக் கறிக் குழம்பின் எலும்பு வெந்து நொறுங்கும் தன்மை அடைந்திருப்பதால் கூரிய துண்டுகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

பூசை அறையும் அலங்காரமும்

அரளிப் பூ இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அதன் இலை, தண்டு, பூ எல்லாமே ஆபத்தானவை. பூசைக்கு வாங்கிய மாலையையும் உதிரிப் பூவையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். புத்தாண்டுப் பூங்கொத்துகளில் வரும் லில்லிப் பூ பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். அதன் மகரந்தம் ஒட்டிய உடலை நக்கினாலே போதும். கிறிஸ்துமஸ் மரத்தின் மினுமினுப்புச் சரிகை, பரிசுப் பெட்டி ரிப்பன், காற்றாடி நூல் ஆகியவற்றைப் பூனைகள் விளையாட்டாக விழுங்கிவிடும். விழுங்கிய நூல் வாயிலோ ஆசனவாயிலோ நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது, குடல் அறுந்துவிடும். எரியும் அகல்விளக்கும், தரையில் ஓடும் சீரியல் பல்பு வயரும், தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசும் இதே கவனத்தைக் கோருபவை.

நேர்ந்துவிட்டால்

கெடுதலான எதையாவது தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது இன்னொரு நஞ்சூட்டலாகிவிடும். தின்றது எது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தீக்காயத்தின் மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றலாம், நெய்யோ பற்பசையோ தடவக் கூடாது. பண்டிகை நாளில் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை முந்தைய நாளே விசாரித்து எண்ணைக் குறித்து வைப்பது நல்லது.

விலங்கு ஓடிவிட்டால் முதல் சில மணி நேரம் முக்கியம். பயந்த பூனை பெரும்பாலும் பக்கத்து வீட்டு மாடிப்படிக்கடியிலோ காருக்கடியிலோதான் இருக்கும். சத்தம் அடங்கிய நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மெல்லக் கூப்பிட்டுத் தேடலாம். நாயைப் பின்னாலேயே துரத்தினால் அது இன்னும் ஓடும். கீழே உட்கார்ந்து பழகிய உணவைக் காட்டி அழைக்க வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கும் விலங்கு நலக் காப்பகங்களுக்கும் படத்தோடு சிப் எண்ணையும் தெரிவித்து, பதிவேட்டிலும் காணாமல் போனதைக் குறிக்கச் சொல்ல வேண்டும். தெருவில் மிரண்டு நிற்கும் கழுத்துப் பட்டையில்லாத நாயைக் கண்டெடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அது அனாதை என்று முடிவு செய்யுமுன் ஏதேனும் ஒரு கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அந்த நாய் எந்த வீட்டைச் சேர்ந்தது என்பது அந்தப் பதினைந்து இலக்கங்களில் தெரியவரலாம்.