27 சென்டிமீட்டர் கீற்று

1943 ஜூலை 24 இரவு, ஹாம்பர்க் நகரை நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் கட்டுக் கட்டாகக் காகிதக் கீற்றுகளையும் கொட்டிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் 27 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், ஒரு பக்கம் அலுமினியத் தாள். கீழே ஜெர்மன் ராடார்த் திரைகளில் வானம் முழுக்க விமானங்கள்! எது நிஜம், எது காகிதம் என்று பிரிக்க முடியாமல் பீரங்கிகள் திணறின. புறப்பட்ட 791 விமானங்களில் 12 மட்டுமே திரும்பவில்லை. அடுத்த சில இரவுகளில் அந்த நகரம் பற்றி எரிந்ததையும் சேர்த்துத்தான் இந்தச் சாமர்த்தியத்தை எடைபோட வேண்டும்.

ஏன் 27?

ஜெர்மானியரின் வூர்ட்ஸ்பர்க் ராடாரின் அலைநீளம் ஏறக்குறைய 54 செ.மீ. அதில் சரிபாதி. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டின்றித் திரிகின்றன. ரேடியோ அலை வந்து மோதியதும் அவை முன்னும் பின்னும் ஓடுகின்றன; ஓடும்போது தாங்களே அலையை உமிழ்கின்றன. கீற்றின் நீளம் பாதி அலைநீளமாக இருந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல அந்த ஓட்டம் வலுக்கிறது. அதனால்தான் துண்டுக் காகிதம் தன் அளவுக்கு மீறிய எதிரொலியைக் கொடுத்தது.

உலோகம் அலையைத் தடுக்கும் என்று மட்டும் நினைப்பவர்கள் பழைய மொட்டைமாடி டிவி ஆன்டெனாவை நினைத்துப் பார்க்கலாம். 1926இல் ஜப்பானியப் பொறியாளர்கள் யாகியும் உதாவும் வெளியிட்ட அமைப்பு அது. வயர் இணைந்திருப்பது ஒரே கம்பியில்தான். பின்னால் உள்ள சற்று நீளமான கம்பி அலையை முன்னுக்குத் திருப்பும். முன்னால் உள்ள குட்டைக் கம்பிகள் அலையை உள்ளே இழுத்துத் தரும். தமிழகக் கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்க்க, மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழிருந்து “தெரியுது, தெரியுது!” என்று கத்தியதெல்லாம் இந்தக் கம்பிகளின் திசைக்காகத்தான்.

ஓட்டை இருந்தாலும் உலோகம் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் அலைநீளம் 12 செ.மீ.; கதவு வலையின் துளைகளோ மில்லிமீட்டர் கணக்கு. வெளிச்சம் வெளியே வரும், சூடாக்கும் அலை வராது. லிஃப்ட்டின் இரும்புக் கூண்டில் செல்போன் திணறுவதும் ஏறத்தாழ இதே கதைதான். கதவு இடுக்கு வழியே கொஞ்சம் கசியும், அவ்வளவே.

சுங்கச்சாவடியில் ரேடியோ அலையால் படிக்கப்படும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அதையே பேனட்டில் ஒட்டினால், தகட்டில் பட்டுத் திரும்பும் அலை, வரும் அலையை அந்த இடத்திலேயே அடித்துவிடும்; ஸ்டிக்கருக்குள் இருக்கும் சில்லு விழித்துக்கொள்ளப் போதிய மின்சாரம் கிடைக்காது. வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடிகளிலும் இதே சிக்கல். அத்தகைய கார்கள் பலவற்றில் பின்னால் பார்க்கும் உள்கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத ஒரு சிறு பகுதியை விட்டிருப்பார்கள். ஸ்டிக்கரை அங்கேதான் ஒட்ட வேண்டும்.