நூற்றுக்குப் பத்து

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் தொண்ணூறு தேர்வு முடிவுக்கு. மீதிப் பத்து, சாரணர் அணிவகுப்பு, பூப்பந்து, விவாத மேடை, முதலுதவிப் பயிற்சி என்று வகுப்பறைக்கு வெளியே சேர்த்தவற்றுக்கு. ஆசிரியர்கள் ‘புறப்பாட நடவடிக்கை’ என்றும் பிள்ளைகள் ‘கோகோ’ என்றும் சொல்லும் இந்தப் பத்துப் புள்ளி கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு ஒரு கணக்கு, கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் பிள்ளைக்கு வேறு கணக்கு.

பூகோளம்தான் காரணம். கேமரன் மலை பகாங் மாநிலத்தின் மிகச் சிறிய மாவட்டம். பேராக் எல்லையை ஒட்டி வடமேற்கு மூலையில் கிடக்கிறது. மாநிலத் தலைநகரான குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில். புறப்பாடப் புள்ளியில் பள்ளி அளவில் வென்றதற்கு ஒரு மதிப்பு, மாவட்ட அளவுக்கு அதைவிடக் கூடுதல், மாநிலம், தேசியம் என்று போகப் போக இன்னும் கூடுதல். ஆக, மாநிலப் போட்டிக்குத் தேர்வான மலைப் பிள்ளை முதலில் மலையிறங்க வேண்டும், பிறகு மாநிலத்தையே குறுக்கே கடக்க வேண்டும். வார இறுதி என்றால் சுற்றுலாக்காரர்களின் வாகன நெரிசல் வேறு. பிரிஞ்சாங் கடைத்தெருவைத் தாண்டுவதே அன்றைக்கு ஒரு போட்டிதான்.

பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறும் குறுகலான சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய ‘போ’ தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. இந்த மலைகளில் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர்களே மிகுதி. இன்று அந்த வேலையில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் பல காய்கறித் தோட்டம், தங்கும் விடுதி, கடை என்று தொழில் மாறிவிட்டன. பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, தானா ராத்தாவில் உள்ள சுல்தான் அகமது ஷா இடைநிலைப்பள்ளி போன்றவற்றில் மலாய்மொழி வகுப்புகளுக்குள் நுழைகிறார்கள். மாலைப் பயிற்சிக்கு நின்றால், வீடு திரும்ப வண்டிக்கு யாரையாவது எதிர்பார்க்க வேண்டியிருக்கும். பத்துப் புள்ளியில் ஒரு பகுதியை இந்த வண்டிப் பிரச்சினையே தின்றுவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

மலையில் பல்கலைக்கழகம் இல்லை. கீழே இறங்கினால் கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம், தெற்கே தஞ்சோங் மாலிமில் ஆசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அதற்கும் தெற்கே கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம். சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் காம்பாங்கிலும் பெக்கானிலும் இருக்கிறது. தூரத்தைப் பார்த்தால் அண்டை மாநிலத்தவையே பக்கம்.

இவற்றில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் தோட்டத் தமிழருக்கும் உள்ள உறவு கொஞ்சம் பழையது. 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, ஆலோசனை கூற அழைக்கப்பட்டவர் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரப் பரிந்துரைத்தார். மலாயாத் தமிழர் கொதித்தார்கள். தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டும் இயக்கம் தொடங்கினார். மழைக்கு ஒதுங்கவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத தொழிலாளர்கள் ஒரு பல்கலைக்கழகத் துறைக்காகவும் அதன் நூலகத்துக்காகவும் காசு கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது, தமிழை முதன்மையாகக் கொண்டு. 1961-இல் அதன் தலைமைக்கு வந்த தனிநாயக அடிகளார் காலத்தில்தான், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

அதே சாரங்கபாணியின் தமிழ் முரசு 1950-களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய இடம். அதிலிருந்து முளைத்த இளைஞர் மணிமன்றங்கள் ஊர் ஊராகப் பரவின. புள்ளி தருவார் இல்லை, சான்றிதழ் தருவார் இல்லை. இருந்தும் மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் பலருக்கு முதல் மேடை அதுவே.

இன்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அமைப்பான தமிழ்ப் பேரவைக்கு, எழுதுவோருக்கு மேடை தரும் அந்த வேலையில் ஒரு பங்கு இருக்கிறது. பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும், பரிசுக் கதைகளைத் தொகுத்துப் ‘பேரவைக் கதைகள்’ என்ற பெயரில் வெளியிடும் வழக்கமும் மலேசியத் தமிழ் வாசகருக்குத் தெரிந்தவை. மாணவர்களே கதைகளை வரவழைத்து, நடுவர்களைப் பிடித்து, அச்சகத்துக்கு அலைந்து, விழா மண்டபத்துக்குக் காசு திரட்டிச் செய்கிற காரியம் இது. இதில் உழைப்பவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பொறியியலோ கணக்கியலோ மருத்துவமோ படிப்பவருக்கு வகுப்பில் தமிழுக்கு இடமே கிடையாது. தமிழில் ஒரு கடிதம் எழுதவும், நாலு பேர் முன் நன்றியுரை சொல்லவும் பேரவைதான் வாய்ப்பு. தோட்டத்திலிருந்து வந்த கூச்ச சுபாவக்காரர் பொருளாளர் ஆகி, ஆதரவாளர்களிடம் போய் நிதி கேட்கப் பழகுவதை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தராது.

பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகும் புள்ளி விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாணவர் தங்கும் கல்லூரி விடுதிகளில் அடுத்த ஆண்டும் அறை வேண்டுமானால், விடுதி நடவடிக்கைகளில் கலந்துகொண்டதற்கான புள்ளிகள் பார்க்கப்படும். கோலாலம்பூரில் வெளியே அறை எடுத்தால் வாடகை கையைக் கடிக்கும். அதனால் விருப்பமே இல்லாத நிகழ்ச்சியில் பெயர் கொடுத்து, சட்டை வாங்கி, படமெடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தூரத்திலிருந்து வந்த ஏழைப் பிள்ளைக்கு அறை கொடுக்க அவர் ஏழை என்பதே போதாதா? அதற்கும் அவர் கயிறு இழுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது.

புள்ளியைத் தாண்டிப் பயன் தரும் ஒன்று, ‘பாலாப்பெஸ்’ என்று மாணவர் சொல்லும் சேமப்படை அதிகாரிகள் பயிற்சி. பயிற்சிக்குப் படி உண்டு. முடித்தவர்கள் பட்டத்தோடு சேமப்படையில் இளநிலை லெப்டினன்ட் பொறுப்பும் பெறுகிறார்கள். கைச்செலவுக்கு வீட்டை எதிர்பார்க்க முடியாதவர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டிய வழி.

அரசியல் மட்டும் நெடுங்காலம் வேலிக்கு அப்பால் இருந்தது. 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம், 1974 பாலிங் விவசாயிகள் போராட்டத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகு, 1975-இல் மேலும் இறுக்கப்பட்டது. மாணவர்கள் அரசியல் கட்சிகளில் சேரலாம் என்று 2012-இலும், வளாகத்துக்குள்ளும் அரசியல் பேசலாம் என்று அதற்கு ஏழாண்டு கழித்தும் தளர்த்தினார்கள். இடைப்பட்ட தலைமுறைகளில் தமிழ் மாணவரின் பொதுவேலை ஆர்வம் பெரும்பாலும் பண்பாட்டு விழாக்களிலும் கல்வித் தொண்டிலும் போய்ச் சேர்ந்ததற்கு இந்த வேலியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தத் தொண்டில் பெரியது 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டி, பின்தங்கிய தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அனுப்பினார். நேற்று பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதியவர் இன்று ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு மாணவருக்கு ஆசிரியர். பத்துமலையில் அது நடத்தும் கல்வி யாத்திரை, தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாகக் கூட்டுகிறது. தோட்டத்துப் பெற்றோர் பலருக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இப்படிப்பட்ட வகுப்புகளால் வந்தது.

வளாகக் கலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு தேயிலை மலைநாடு சாட்சி. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களை வைத்துக் கூத்துகளை மேடையேற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று வரிசையாக வந்தன. கிராமத்தில் விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, நகர மேடைக்குக் கொண்டுவந்த முயற்சி. இராவணேசனில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி ஈழத்து அரங்க வரலாற்றையே எழுதினார். விடுமுறையில் தாத்தாவிடம் கூத்தடவு கேட்டு வருவது மாணவனுக்குப் பெருமை என்று அந்த நாடகங்கள் ஆக்கிவிட்டன.

மீண்டும் அந்தப் பத்துப் புள்ளிக்கு வருவோம். பிரிஞ்சாங்கில் இப்போது நான்காம் படிவத்தில் இருக்கும் பிள்ளையின் வீட்டார் கவனிக்க வேண்டியவை எளியவை. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் ஒவ்வொன்றில் பெயர் இருக்க வேண்டும். அவற்றில் ஏதாவது ஒன்றிலேனும் செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்பு இருந்தால் புள்ளி கூடும். வருகைக்கும் புள்ளி உண்டு என்பதால், மழை என்று மட்டம் போட்ட மாலைகளும் கணக்கில் வரும். கேமரன் மலையில் மழைக்கா பஞ்சம்! மாலை வண்டிக்கு நாலைந்து பெற்றோர் சேர்ந்து முறைவைத்து ஏற்பாடு செய்துகொண்டால், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.