ஆண்டெல்லாம் காய் தரும் எலுமிச்சை: வீட்டில் வளர்ப்பதும் பேணுவதும்

வணிகப் பெருமக்களுக்கு எலுமிச்சம்பழத்தைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கடை வாசலில் அறுத்துக் குங்குமம் தடவி வைக்கிறோம். நிலைப்படியில் மிளகாயோடு சேர்த்துக் கட்டுகிறோம். ஆயுத பூசையன்று தராசுக்கும் கல்லாப் பெட்டிக்கும் முன்னால் வைக்கிறோம். பெரியவர்களைப் பார்க்கச் சென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பழத்தைக் கொடுத்து வணங்குகிறோம். இத்தனைக்கும் பயன்படும் பழத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோமே தவிர, வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் வைத்துக் காப்பாற்றியவர்கள் நம்மில் மிகச் சிலரே.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. பல ஊர்களில் கிலோ விலை 200 ரூபாயைத் தாண்டியது. ஒரு பழம் 10 ரூபாய்க்கு மேல் விற்றது. வாடிக்கையாளர் நம்மையே குற்றவாளியைப் போலப் பார்த்தார். ஜூஸ் கடை வைத்திருந்தவர்கள் பழைய விலைக்கும் கொடுக்க முடியாமல், விலையை ஏற்றவும் முடியாமல் தவித்தார்கள். இந்த விலை ஏற்றத்தின் காரணம் மரத்திலேயே இருக்கிறது. அதைப் புரிந்து கொண்டால் வீட்டில் மரம் வளர்ப்பதும் எளிதாகும், மண்டியில் கொள்முதல் செய்வதும் எளிதாகும்.

பூவுக்கும் பழத்துக்கும் உள்ள கணக்கு

எலுமிச்சை ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்துக் காய்க்கும் மரம். ஆனாலும் திரளாகப் பூப்பதற்கென்று பருவங்கள் உண்டு. தை, மாசியில் பூக்கும் பூ ஆனி, ஆடியில் பழமாகும். ஆனி, ஆடியில் பூப்பது மார்கழி, தையில் கைக்கு வரும். புரட்டாசி, ஐப்பசியில் பூப்பதுதான் பங்குனி, சித்திரையில் பழமாகும். பூத்ததிலிருந்து பறிக்கும் வரை சுமார் ஐந்து, ஆறு மாதங்கள் ஆகின்றன.

ஆகவே கோடையில் நாம் விற்கும் பழம் ஐப்பசி மழையில் பிழைத்து வந்த பூவாகும். அந்த மழை அளவு மீறினால் பூ உதிர்ந்து விடும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்திராவில் பெய்த கனமழையும், 2022 மார்ச்சில் நாடெங்கும் வாட்டிய வெயிலும் சேர்ந்துதான் அந்த ஏப்ரல் மாத விலையை உண்டாக்கின. ஐப்பசி, கார்த்திகை மழையின் போக்கைக் கவனித்து வருபவருக்குச் சித்திரை விலை திடீர் அதிர்ச்சியாக இராது.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

எலுமிச்சையை விதைக் கன்றாகவே நடலாம். ஒரே விதையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் வரும் இயல்பு இதற்கு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். விதைக் கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பதியன் கன்று அதற்கு முன்னதாகவே காய்க்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 நம் மாநிலத்துக்கு ஏற்ற இரகம். திருப்பதியில் உருவான பாலாஜி என்னும் இரகம் சொறி நோயை ஓரளவு தாங்கும். கன்றை வாங்கும்போது இலையில் சொறிப் புள்ளி இல்லாததைப் பார்த்து, நம்பகமான நாற்றுப் பண்ணையிலேயே வாங்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று நோய்க் கன்றை வாங்கி வந்தால் அது முதலுக்கே மோசமாகும்.

நடும் முறை

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் கூடாது. இரண்டரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, மேல் மண்ணுடன் நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோவும் வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து நிரப்ப வேண்டும். ஆனி முதல் ஆவணி வரையிலும், மார்கழி, தை மாதங்களிலும் நடலாம். சுவரிலிருந்து எட்டடியாவது தள்ளி நடுவது நல்லது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை தண்டில் வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளி விட வேண்டும்.

கடைக்கு மேலேயே குடியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இரண்டடி அகலமுள்ள தொட்டியிலோ, பாதியாக வெட்டிய பீப்பாயிலோ எலுமிச்சை நன்றாகக் காய்க்கும். அடியில் துளைகள் அவசியம். மொட்டை மாடியில் வைப்பதானால் மண் நிறைந்த தொட்டியின் கனத்தை எண்ணி, தூணுக்கோ உத்தரத்துக்கோ நேர் மேலே வைப்பது நல்லது.

நாங்கள் செய்த பிழை

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கடையின் பின்புறம் நாங்கள் வைத்த முதல் எலுமிச்சை நான்காம் ஆண்டில் பட்டுப் போனது. தண்ணீர் இல்லாமல் அன்று, தண்ணீர் மிகுதியால்தான். காலையில் கடை கழுவிய தண்ணீர், பாத்திரம் அலம்பிய தண்ணீர் எல்லாவற்றையும் மரத்துக்குத்தானே என்று அடித்தண்டிலேயே ஊற்றினோம். முதல் காய்ப்பு வந்த ஆண்டில் அடிப்பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. மரத்துக்குச் சத்துக் குறைவு என்று எண்ணி உரத்தை இரட்டிப்பாக்கினோம். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அடுத்த கோடைக்குள் மரம் விறகாயிற்று. முதல் காய் பறித்து வாசலில் வைத்த வீட்டு அம்மாவுக்கு அன்று யாரும் ஆறுதல் சொல்ல முடியவில்லை.

எலுமிச்சையின் வேர் காற்றை நாடும். எப்போதும் ஈரத்தில் நின்றால் வேரும் அடிப்பட்டையும் அழுகும். ஆகவே தண்டைச் சுற்றி ஓரடிக்கு மண்ணை மேடாக்கி, அதற்கு வெளியே வட்டமாக வாய்க்கால் அமைத்து, அதில்தான் தண்ணீர் விட வேண்டும். மேல் மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பிசின் வடிந்தால் அந்த இடத்தைச் சுரண்டித் தூய்மை செய்து, போர்டோ பசை தடவ வேண்டும்.

உரம்

முதல் ஆண்டு 10 கிலோ தொழு உரம் இட்டு, ஆண்டுக்கு 5 கிலோ வீதம் கூட்டி, 30 கிலோவில் நிறுத்திக் கொள்ளலாம். தழைச்சத்தைப் பங்குனியிலும் ஐப்பசியிலுமாக இரண்டாகப் பிரித்து இட வேண்டும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஐப்பசியில் ஒரே தடவை போதும். உரத்தைத் தண்டருகே கொட்டாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் இட்டு மண்ணோடு கிளறி விட வேண்டும். இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் நுண்ணூட்டக் குறை என்று கொள்ளலாம். புதுத் தளிர் விட்டதும் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து தெளித்தால் துத்தநாகக் குறை தீரும்.

பூச்சியும் நோயும்

இளந்தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப் பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சை நிறமாகி, சிறிய மரத்தை இரண்டு மூன்று நாளில் மொட்டையாக்கி விடும். காலையில் பார்த்துக் கையால் பொறுக்கி எடுப்பதே போதும். இலையில் வெள்ளிக் கம்பி போல வளைந்து வளைந்து கோடு தெரிந்தால் அது இலைத்துளைப்பான். தளிர் விடும் நாளிலேயே ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்க வேண்டும். அது குடைந்த புண் வழியாகத்தான் சொறி நோய்க் கிருமி எளிதாக நுழைகிறது.

சொறி நோய் இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்துடன் கூடிய சொரசொரப்பான புள்ளிகளாகத் தெரியும். மழைச்சாரலில் பரவும். மழைக் காலத்துக்கு முன்பே நோயுற்ற கிளைகளை வெட்டி எரித்து, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளிக்கலாம். சொறியுள்ள காயின் சாறு கெடுவதில்லை. தோற்றம் கெட்டு விலைதான் குறைகிறது. ஊறுகாய்க்கு அல்லாமல் சாறுக்கு மட்டும் வாங்குபவரிடம் இதை விளக்கிச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம்.

கோடையில் காய் பெறும் வழி

மரத்துக்கு நான்கு வயது நிறைந்து, நல்ல திடத்துடன் இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். ஆவணியில் காய்களைப் பறித்து முடித்து, காய்ந்த குச்சிகளையும் நேராக மேல் நோக்கி ஓடும் நீர்க்கிளைகளையும் வெட்டி விடுங்கள். பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாக வாடுவதே அளவு. இலைகள் கொத்தாக உதிரும் வரை காயப் போடக் கூடாது. அதன் பின் மண்ணை மேலாகக் கொத்தி, உரமிட்டு, முதல் நாள் குறைவாகவும் பின்பு படிப்படியாகவும் தண்ணீர் விட்டால் மரம் துளிர்த்துப் பூக்கும்.

இடையில் மழை பெய்தால் இம்முறை பலிக்காது. இங்கேதான் தொட்டி மரத்துக்கு ஆதாயம் அதிகம். தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி மழையைத் தவிர்க்கலாம். ஐப்பசியில் பூத்த பின்பும் பெருமழை நாட்களில் ஒதுக்கி வைத்துப் பூவைக் காக்கலாம். தோட்டக்காரரால் தம் நூறு மரங்களுக்கும் செய்ய முடியாததை வீட்டில் ஒரு மரத்துக்கு நாம் செய்ய முடியும்.

பறிப்பதும் பாதுகாப்பதும்

காய் கரும்பச்சையிலிருந்து வெளிர் பச்சைக்கு மாறி, தோல் வழவழப்பாகும்போது பறிக்கலாம். பிய்த்து இழுக்காமல், காம்பின் சிறு பொட்டு காயோடு இருக்கும்படி கத்தரித்து எடுக்க வேண்டும். பொட்டு இழந்த காய் அந்த இடத்திலிருந்துதான் அழுகத் தொடங்கும். பனியும் மழையும் ஈரமாக இருக்கும்போது பறித்தால் தோலில் எண்ணெய் கசிந்து கறை விழும்.

கடையில் இருப்பு வைப்பதற்கும் இதே அறிவு உதவும். மஞ்சள் பழத்தைவிடப் பச்சைக் காய் அதிக நாள் தாங்கும். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கனமானதில்தான் சாறு அதிகம். வெயிலும் காற்றும் பட்டால் ஈரம் இழந்து தோல் கல்லாகி விடும். நிழலில் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். கடும் குளிர்ப் பெட்டியில் நெடுநாள் வைத்தால் தோலில் குழி விழும். காலையில் கடை திறந்ததும் கூடையைக் கிளறி, நீலப் பூஞ்சணம் பிடித்த பழத்தை உடனே அகற்றுங்கள். அந்த ஒன்று விடுபட்டால் மாலைக்குள் பக்கத்துப் பழங்களுக்கும் பரவத் தொடங்கி விடும்.

முதல் மரம் பட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் வைத்த இரண்டாவது கன்று இன்று நன்றாக நிற்கிறது. கடை கழுவிய தண்ணீர் இப்போது சாக்கடைக்குப் போகிறது. சித்திரையில் அந்த மரம் தருவது ஐம்பது, அறுபது காய்தான். அதை நாங்கள் விற்பதில்லை. வாசலுக்கு வேண்டியதை எடுத்துக் கொண்டு, மீதியை மோருக்கு ஒரு பழம் கேட்டு வரும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கிறோம். விலை ஏறிய நாளில் கேட்டவருக்குச் சும்மா கொடுத்த ஒரு பழத்தை, விலை இறங்கிய பிறகும் அவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு மார்கழி, தையில் ஒவ்வொரு வணிகர் வீட்டிலும் ஒரு கன்றாவது நடுவோம். தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றுவோம்.